மூளைப் படத்தை மனப்பாடம் செய்யாதீர்கள்: நடத்தையின் உயிரியலை வீட்டிலிருந்தே படிக்க ஒரு வழி

நான் இரண்டு தடவை தொடங்கி இரண்டு தடவையும் பாதியில் விட்டவன். முதல் தடவை பெரிய மூளைப் படம் ஒன்றை அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, தலாமஸ், ஹைப்போதலாமஸ், அமிக்டலா, ஹிப்போகேம்பஸ் என்று பஸ் நிறுத்தங்களின் பெயர் மாதிரி ஒப்பித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாரம் படம் மட்டும் சுவரில் இருந்தது, நான் இல்லை. இரண்டாவது தடவை பணம் கட்டி ஒரு இணைய வகுப்பில் சேர்ந்தேன், அதைப் பற்றிப் பேச வேண்டாம். மூன்றாவது தடவைதான் பிடிபட்டது. நான் படித்தது பி.காம்., பத்தாம் வகுப்போடு உயிரியலுக்குக் கும்பிடு போட்டாயிற்று. அதனால் இந்த முறை யாருக்கும் ஒத்துவரும். வாரத்துக்கு நான்கைந்து மணி நேரம், மூன்று மாதம், ஒரு நோட்டு.

படி 1: ஒரு நடத்தையைப் பிடியுங்கள்

நோட்டின் முதல் பக்கத்தில் உங்களிடம் நீங்களே பார்த்த ஒரு நடத்தையை எழுதுங்கள். என்னுடையது: போன் 'டிங்' என்றதும் கை தானாக அதை நோக்கிப் போவது. அதன் கீழே நான்கு கேள்விகள். அந்த நொடியில் உடம்புக்குள் என்ன நடந்து கை நகர்கிறது? என் வாழ்நாளில் இந்தப் பழக்கம் எப்படி உருவானது? இப்படி நடந்துகொள்வதால் ஓர் உயிருக்கு என்ன லாபம்? பரிணாமத்தில் இது எங்கிருந்து வந்தது? பறவைகளையும் மீன்களையும் மணிக்கணக்கில் உட்கார்ந்து கவனித்த நிகோ டின்பெர்கன் 1963இல் பிரித்துக் கொடுத்த கேள்விகள் இவை. நான்குக்கும் தனித்தனி பதில் உண்டு, ஒன்று இன்னொன்றைத் தள்ளிவிடாது. 'எல்லாம் ஹார்மோன்தான்' என்று ஒருவரும் 'எல்லாம் வளர்ப்புதான்' என்று இன்னொருவரும் சண்டை போடும்போது கவனியுங்கள், பெரும்பாலும் இருவரும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

படி 2: மூன்றே மூன்று இடங்கள்

முதலில் தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் நரம்பு மண்டலம் பாடம். சிரிக்காதீர்கள், பெருமூளை, சிறுமூளை, முகுளம், ஆக்சான் என்று அடிப்படைச் சொற்கள் எல்லாம் தமிழில் அங்கேதான் கிடைக்கும். அடுத்து, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன்ஸ்டாக்ஸ் உளவியல் பாடநூலின் மூன்றாவது அத்தியாயம். மூன்றாவதாக, ஸ்டான்ஃபோர்டில் ராபர்ட் சபோல்ஸ்கி 2010இல் நடத்திய மனித நடத்தை உயிரியல் வகுப்பு; 25 விரிவுரைகளும் யூடியூபில் இருக்கின்றன. அவர் பரிணாமத்தில் தொடங்கி ஆற அமர நரம்புக்கு வருவார், ஆனால் புதியவர்கள் நரம்பு மண்டலத்தை அறிமுகப்படுத்தும் 10, 11ஆவது விரிவுரைகளை முதலில் பார்த்துவிட்டுத் தொடக்கத்துக்குத் திரும்புவது நல்லது என்பது என் அனுபவம். இந்த மூன்றும் முடியும் வரை நான்காவதைத் தொடாதீர்கள். புத்தகம் சேர்ப்பது படிப்பதாகாது, என் மடிக்கணினியில் இன்னும் திறக்காத பிடிஎஃப் நாற்பது கிடக்கிறது.

படி 3: இரண்டு பத்தி போடுங்கள்

நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் நடுவில் கோடு கிழித்து இரண்டாகப் பிரியுங்கள். இடது பக்கம் 'என்ன சொல்கிறார்கள்', வலது பக்கம் 'அது எப்படித் தெரிந்தது'. வலது பக்கம் காலியாக இருந்தால் அந்த விஷயத்தை நீங்கள் இன்னும் படிக்கவில்லை என்று அர்த்தம். என் மூன்றாவது முயற்சி உருப்பட்டதற்கு இந்தக் கோடுதான் காரணம்.

ஓர் எடுத்துக்காட்டு. இடது பக்கம்: 'நரம்பின் முனையிலிருந்து ரசாயனம் சுரந்து அடுத்த செல்லுக்குச் செய்தி போகிறது.' சரி, எப்படித் தெரிந்தது? 1921இல் ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானி இரண்டு தவளை இதயங்களை எடுத்துக்கொண்டார். ஒன்றில் இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு ஒட்டியிருந்தது, மற்றதில் நரம்பே இல்லை. முதல் இதயத்தின் நரம்பைத் தூண்டினார், துடிப்பு மெதுவானது. அந்த இதயத்தில் இருந்த திரவத்தை எடுத்து இரண்டாவதில் விட்டார், அதுவும் மெதுவானது! நரம்பே இல்லாத இதயத்துக்கு மின்சாரம் போக வழியில்லை, ஆகவே திரவத்தில் ஏதோ ஒரு பொருள் இருந்தாக வேண்டும். அது அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் என்று பின்னால் தெரிந்தது. இந்தச் சோதனையைக் கனவில் கண்டு நடு இரவில் எழுந்து கிறுக்கி வைத்ததாகவும், காலையில் தன் கையெழுத்தே தனக்குப் புரியவில்லை என்றும், மறுநாள் இரவு அதே கனவு திரும்பி வந்ததும் நேரே ஆய்வகத்துக்கு ஓடியதாகவும் லோவியே சொல்லியிருக்கிறார். இதைப் படித்த பிறகு சினாப்ஸ், அதாவது ஒரு நரம்புச் செல் அடுத்த செல்லைச் சந்திக்கும் இடம், எனக்கு மறக்கவே இல்லை.

இதே வாரத்தில் நியூரானின் (நரம்புச் செல்லின்) மின்னழுத்தப் படத்தையும் கையால் வரையுங்கள். ஓய்வில் சுமார் மைனஸ் 70 மில்லிவோல்ட், மைனஸ் 55 பக்கம் வந்தால் சோடியம் உள்ளே பாய்ந்து சட்டென்று மேலே ஏறும், பொட்டாசியம் வெளியே போனதும் இறங்கும். பார்த்து வரையாமல் ஒருமுறை வரையும் வரை அடுத்த பாடத்துக்குப் போக வேண்டாம்.

வலது பத்தி சில சமயம் இடது பத்தியையே ஆட்டிவிடும். 1848இல் அமெரிக்காவின் வெர்மான்டில் ரயில் பாதை வேலையில் வெடி வெடித்து, ஒரு மீட்டருக்கு மேல் நீளமான இரும்புக் கம்பி ஃபினியஸ் கேஜ் என்ற மேற்பார்வையாளரின் தலையைத் துளைத்துக்கொண்டு போனது. ஆள் பிழைத்தார், குணம் மாறிவிட்டது, ஆகவே மூளையின் முன்பகுதிதான் குணத்தின் இருப்பிடம் என்று எங்கும் எழுதியிருப்பார்கள். ஆனால் அதே கேஜ் பிறகு சிலி நாட்டில் பல ஆண்டுகள் குதிரைவண்டி ஓட்டி வேலை பார்த்திருக்கிறார். அடியோடு கெட்டுப்போன மனிதருக்கு அது முடியுமா? கதையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள்.

படி 4: கையால் செய்யுங்கள்

30 செ.மீ. ஸ்கேலை யாராவது செங்குத்தாகப் பிடித்துச் சொல்லாமல் விடட்டும். பூஜ்ஜியத்துக்கு நேரே விரல்களை விரித்து வைத்திருந்து நீங்கள் பிடிக்க வேண்டும். 20 செ.மீ.யில் பிடித்தால் உங்களுக்கு ஆன நேரம் சுமார் 0.2 விநாடி. பத்து தடவை செய்து சராசரி எடுங்கள், அப்புறம் ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே பத்து தடவை. இப்போது கணக்குப் போடுவோம். கைக்குப் போகும் நரம்பில் செய்தி விநாடிக்கு 50 மீட்டருக்கும் மேல் ஓடும், ஒரு மீட்டர் தூரத்துக்கு 0.02 விநாடி போதும். மீதி நேரம் எங்கே போனது? கண்ணிலும் மூளையிலும் தசையிலும். அந்த மீதியைப் பற்றித்தான் மூன்று மாதமும் படிக்கப் போகிறீர்கள்.

அடுத்தது கண்ணாடிச் சோதனை. இரட்டைக் கோட்டில் ஒரு நட்சத்திரம் வரைந்து, எதிரே முகம் பார்க்கும் கண்ணாடியை நிறுத்தி, கையை நேரடியாகப் பார்க்க முடியாதபடி ஒரு புத்தகத்தால் மறைத்து, கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு இரண்டு கோட்டுக்கும் நடுவில் பென்சிலை ஓட்டுங்கள். முதல் தடவை எரிச்சலாக வரும், மூன்று நாளில் கை பழகிவிடும். ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு வலிப்பு நோய்க்காக 1953இல், மூளைக்குள் ஆழத்தில் இருக்கும் ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதியை இரண்டு பக்கமும் எடுத்துவிட்டார்கள், அதன் பிறகு புதிதாக எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரை இதே நட்சத்திரத்தை வரைய வைத்தார். ஒவ்வொரு நாளும் இதற்கு முன் செய்ததே இல்லை என்பார் மொலைசன், ஆனால் தப்புகள் மட்டும் குறைந்துகொண்டே வந்தன. நினைவு என்பது ஒன்றல்ல என்பது இப்படித்தான் தெரிந்தது. கண்ணாடியை இளக்காரமாக நினைக்க வேண்டாம். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் விஞ்ஞானி வி. எஸ். ராமச்சந்திரன், கையை இழந்தவர்களுக்கு அந்த இல்லாத கையில் வரும் வலியை 1990களில் ஆராய்ந்தது ஒரு பெட்டியும் கண்ணாடியும் வைத்துத்தான்.

படி 5: முதல் பக்கத்துக்குத் திரும்புங்கள்

இரண்டாவது மாதம் டோபமின் வரும், மூளைச் செல்கள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் ரசாயனங்களில் ஒன்று. 'இன்ப ரசாயனம்' என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் விஞ்ஞானி குரங்குகளின் டோபமின் செல்களைப் பதிவு செய்தபோது, எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் அவை துடித்தன. முன்கூட்டியே ஒரு சைகை காட்டிப் பழக்கிய பிறகு சைகைக்குத் துடித்தன, சாறு வந்தபோது சும்மா இருந்தன. சைகைக்குப் பின் சாறு வராவிட்டால் வழக்கத்தைவிட அடங்கிப்போயின. இதைப் படித்த அன்று என் நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்து, 'டிங்' என்பதற்கு அடியில் கோடு போட்டேன். உங்கள் நடத்தை வேறாக இருக்கும், கோடு போடும் இடமும் வேறாக இருக்கும். ஒன்று மட்டும், படித்ததை வைத்து வீட்டில் இருப்பவர்களுக்கு நோய்ப் பெயர் சூட்டக் கிளம்பாதீர்கள்.

படி 6: நிஜ மூளை

கடைசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சைவர்கள் ஆட்டு மூளையை அறுத்துக் காட்டும் காணொளி ஒன்றைப் பார்த்துக்கொள்ளலாம். நான் கறிக்கடைக்குப் போய், "பாய், மூளை உடையாம வேணும், படிக்கறதுக்கு" என்றேன். "தின்னாத்தான தம்பி படிப்பு வரும்" என்றார். கடையில் தலையை நேர் நடுவில் வெட்டித் தருவதால் மூளை இரண்டு பாதியாக வரும், உள்பக்கம் தெரிவதால் அதுவும் நமக்கு வசதிதான். வீட்டுக்கு வந்ததும் ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தால் கொஞ்சம் இறுகும். மேலே மடிப்பு மடிப்பாகப் பெருமூளை, பின்னால் சிறுமூளை. அதன் வெட்டுப் பக்கத்தில் மரக்கிளை மாதிரி வெள்ளைக் கோடுகள் ஓடும். நடுவில் இரண்டு அரைக்கோளங்களை இணைக்கும் வெள்ளைப் பட்டை. முன்பக்கம் அடியில் வாசனைக்கான குமிழ்கள், மனித மூளைப் படத்தில் இருப்பதைவிட எவ்வளவு எடுப்பாக இருக்கின்றன என்று பாருங்கள், ஆட்டுக்கு மூக்குதானே உலகம். தனிப் பலகை, தனிக் கத்தி, தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவல், இதெல்லாம் கட்டாயம். ஹிப்போகேம்பஸ் உள்ளே ஆழத்தில் இருக்கும், மெதுவாகப் பிரித்துத்தான் தேட வேண்டும். நான் தேடி முடிப்பதற்குள் அம்மா மிளகைப் பொடித்து வாணலியை அடுப்பில் ஏற்றிவிட்டார்.