பெயரை எழுதுவதற்கு முன் யாராவது கூப்பிடட்டும்

போன வாரம் என்னைப் போலவே திருநங்கையான ஒரு தங்கச்சி போன் செய்தாள். வயது பத்தொன்பது. "அக்கா, என் புதுப் பேரு முடிவு பண்ணிட்டேன். நாளைக்கே பேப்பர் வேலையை ஆரம்பிக்கப் போறேன்."

"அந்தப் பேர் சொல்லி உன்னை இதுவரைக்கும் எத்தனை பேர் கூப்பிட்டிருக்காங்க?"

"யாருமே இல்லக்கா. நேத்து ராத்திரிதான் முடிவு பண்ணேன்."

எனக்குப் பக்கென்றது. இருபது வருடங்களுக்கு முன் நான் செய்த அதே வேலை. அர்த்தம் பார், எழுத்துப் பிழை பார் என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அதை எல்லோரும் பார்த்துவிடுகிறார்கள்.

யாரும் கூப்பிடாத பெயரைக் காகிதத்தில் ஏற்றுவது

கண்ணாடி முன் உட்கார்ந்து நான் தேர்ந்தெடுத்த பெயர் மோகனப்ரியா. எழுதினால் அத்தனை அழகு. பத்து விதமாகக் கையெழுத்துப் போட்டுப் பார்த்தேன். ஒருவரிடமும் கூப்பிடச் சொல்லவில்லை, வெட்கம். நேராக மனு, பிரமாணப் பத்திரம், அடையாள அட்டை என்று போய்விட்டேன்.

அட்டை கைக்கு வந்த மாதமே வேலையிடத்தில் பெயரைச் சுருக்கினார்கள். மோகனா என்று நின்றிருந்தால் பொறுத்திருப்பேன். வந்து விழுந்தது "மோகன்". பாதிப் பேருக்குக் கெட்ட எண்ணம்கூடக் கிடையாது; அவசரத்தில் வாய் அங்கேதான் வெட்டும். பெண் பெயரின் தலையில் ஓர் ஆண் பெயரை நானே உட்கார வைத்திருக்கிறேன்!

மூன்று வருடம் பல்லைக் கடித்துவிட்டு மறுபடி மாற்றினேன். உண்மையான செலவு அங்கேதான் தொடங்கியது. ஒருமுறை மாற்றினால், பழைய பெயரும் புதிய பெயரும் ஒரே ஆள் என்று ஒரு சான்று போதும். இரண்டு முறை மாற்றினால் சங்கிலி நீளும். பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், வங்கிக் கணக்கில் இன்னொன்று, புதிய அட்டையில் மூன்றாவது. எந்தக் கவுண்டரில் நீட்டினாலும் ஒரே கேள்வி: "நடுவுல இருக்கிறது யாரு?" ஒவ்வொரு தடவையும் முன்பின் தெரியாத ஒரு குமாஸ்தாவிடம் என் முழுக் கதையையும் ஒப்பிக்க வேண்டும். போன பணத்தைக்கூட மறந்துவிட்டேன், அந்த ஒப்பிப்பை மறக்க முடியவில்லை. இன்றைக்கும் ஒரு பழைய காப்பீட்டுக் காகிதத்தில் மோகனப்ரியா உயிரோடு இருக்கிறாள்.

என் இப்போதைய பெயர் கலா. கூட இருந்த தோழி அடுக்களையிலிருந்து கத்திக் கத்தியே நிலைத்த பெயர். ஒரு வருடம் அப்படிக் கூப்பிடப்பட்ட பிறகுதான் மனு எழுதினேன்.

ஆணாகப் பிறந்து பெண்ணாக மாறிய டேனிஷ் ஓவியர் லிலி எல்பெயின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். மனைவி கெர்டா வரைவதற்கு மாடல் வராத ஒரு நாளில் பெண்ணுடையில் அமர்ந்தார். அப்போது ஒரு நடிகை லிலி என்று கூப்பிட்டாராம். பல வருடம் புழங்கிய பெயர் அது. 1930இல் சட்டப்படி மாற்றியபோதும் லிலியே நின்றது.

நம்பிக்கையான இரண்டு பேரிடம் பெயரைச் சொல்லிவையுங்கள். முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிடட்டும். கோபத்தில் கூப்பிடட்டும். தலை தானாகத் திரும்புகிறதா, பெயர் எந்த இடத்தில் வெட்டுப்படுகிறது என்று பாருங்கள். குறைந்தது ஆறு மாதம்.

முதலெழுத்தைக் கண்ணை மூடிக்கொண்டு காப்பாற்றுவது

1953இல் எவரெஸ்ட் வெற்றிச் செய்தியை உலகுக்குக் கொடுத்த பத்திரிகையாளர் ஜேம்ஸ் மோரிஸ், எழுபதுகளில் பெண்ணாக மாறி ஜான் (Jan) மோரிஸ் ஆனார். முதலெழுத்தும் குடும்பப் பெயரும் அப்படியே. ஏற்கெனவே பெயரெடுத்த எழுத்தாளருக்கு அது வசதி. (ஆங்கிலத்தில் அது பெண் பெயர், தமிழில் எழுதினால் ஆண் பெயராகிவிடுகிறது. நீங்கள் புழங்கும் எல்லா எழுத்திலும் பெயரை எழுதிப் பாருங்கள்.)

கிராஸ்டிரெஸ்ஸர்களுக்கு, அதாவது அவ்வப்போது மட்டும் பெண்ணுடை அணிகிற ஆண்களுக்கு, இதே வசதிதான் வினை. மாதத்தில் ஒரு நாள் மட்டும் அந்தப் பெயரில் இருந்துவிட்டு வீடு திரும்புகிறவர் எதற்கு அதே முதலெழுத்தை வைத்துக்கொள்ள வேண்டும்? எனக்குத் தெரிந்த ஒருவர் அதே எழுத்து, அதே பிறந்த வருடம், அதே குடும்பப் பெயர் என்று இணையத்தில் கணக்குத் தொடங்கினார். சக ஊழியர் கண்டுபிடிக்க ஒரு சாயங்காலம் போதுமானதாக இருந்தது.

இன்றைய குழந்தைகளின் பெயர்

நாற்பத்தைந்து வயதில் தன்னைத் திருநங்கை என்று வெளியே சொன்ன தோழி, பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்கு வைத்த பெயரைத் தனக்கும் வைத்துக்கொண்டாள். எங்கே அறிமுகம் செய்தாலும் இரண்டாம் பார்வை விழுகிறது. உங்களோடு வகுப்பில் படித்த பெண்களின் பெயர்களை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அதையும் மீறிப் பிடித்திருந்தால் தாராளமாக வையுங்கள். ஏன் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

மனைவியின் பெயர், பழைய காதலியின் பெயர்

கேட்காமல் எடுக்காதீர்கள். அமெரிக்கத் திருநங்கை கிறிஸ்டீன் ஜார்கென்சன் தன் மருத்துவர் கிறிஸ்டியன் ஹாம்பர்கரின் நினைவாகப் பெயர் வைத்துக்கொண்டது நன்றிக்கடன், அது வேறு.

நடிகையின் பெயர்

அவரைப் பற்றிய வதந்தியும் சேர்ந்தே வரும்.

அந்தத் தங்கச்சியிடம் பேப்பர் வேலையை ஒரு வாரமாவது தள்ளிப்போடச் சொன்னேன். மூன்றாம் நாள் போன் போட்டு, அவள் முடிவு பண்ணிய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

"யாருக்கா அது?" என்றாள்.