வெளிநாட்டில் படிக்கும்போது அந்த ஊர் சைகை மொழி கற்கிறீர்களா? இந்தத் தப்புகளைச் செய்யாதீர்கள்

கேரள எல்லையில் பாலக்காட்டுப் பக்கம் இருக்கும் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் பிள்ளைகளுக்கு மொழி என்றால் பயமே கிடையாது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், பஸ்ஸில் இரண்டும் கலந்து ஒன்று. எல்லாமே காதில் விழுந்து விழுந்து வந்தவை. அந்தத் தைரியத்தோடுதான் பிரிட்டனுக்குப் படிக்கப் போகிற சிலர் அங்கே சைகை மொழி வகுப்பிலும் பேர் கொடுக்கிறார்கள். மான்செஸ்டரில் படித்தபோது நானும் கொடுத்தேன். காதால் மொழி பிடித்துப் பழகியவர்கள் கண்ணால் பிடிக்க வேண்டிய மொழிக்குள் வந்தால் எங்கெல்லாம் தடுமாறுவார்கள் என்பதை அந்த வகுப்பில் நன்றாகவே பார்க்க முடிந்தது.

முதல் தப்பு விமானம் ஏறுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு முடிந்து விசாவுக்குக் காத்திருக்கும் நாட்களில் யூடியூப் பார்த்து ஏ, பி, சி, டி பழகுவார்கள். அங்கே கண்ணில் படுவதில் பெரும்பாலானவை அமெரிக்க சைகை மொழி வீடியோக்கள். எழுத்துகளை ஒரே கையால் காட்டுவார்கள். பிரிட்டனில் இரண்டு கையும் வேண்டும். இரண்டு நாட்டிலும் ஆங்கிலம்தானே, சைகையும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் 1817-ல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் காது கேளாதோர் பள்ளி தொடங்கியபோது, பாரிஸிலிருந்து வந்த லாரன்ட் கிளெர்க் என்ற காது கேளாத ஆசிரியர் பிரெஞ்சு சைகை மொழியைக் கொண்டுவந்தார். அதனால் அமெரிக்க சைகை மொழிக்கு உறவு பிரான்ஸோடுதான். பிரிட்டிஷ் சைகை மொழிக்கு உறவு ஆஸ்திரேலிய, நியூசிலாந்து சைகை மொழிகளோடு. டப்ளினுக்குப் போகிறவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். அயர்லாந்து சைகை மொழி பிரெஞ்சு வழி வந்தது, எழுத்துக்கு ஒரு கை போதும்.

நம் ஊரையே பாருங்கள். வாளையாறு எல்லையைத் தாண்டினால் போர்டில் எழுத்து மாறுகிறது. ஆனால் சைகைக்குத் தமிழ் தனி, மலையாளம் தனி என்று கிடையாது. வட்டாரத்துக்கு வட்டாரம் சில சைகைகள் மாறும், அவ்வளவுதான். இந்திய சைகை மொழியின் ஆங்கில எழுத்துகள் பிரிட்டிஷ் வழியில் இரண்டு கையால் காட்டப்படுபவை. கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை ஒவ்வொரு நுனியாகத் தொட்டால் ஏ, இ, ஐ, ஓ, யூ. போவதற்கு முன் ஏதாவது பழகியே ஆக வேண்டும் என்றால் இதைப் பழகுங்கள், லண்டனிலும் பாதி வேலைக்கு ஆகும்.

அடுத்தது, வாயால் ஆங்கிலம் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு கைச்சைகை வைப்பது. இது நம்மவர்களுக்குத் தேவையே இல்லாத சுற்றுவழி. பிரிட்டிஷ் சைகை மொழியில் பேர் கேட்க வேண்டுமென்றால் 'நீ, பேர், என்ன' என்ற வரிசை. காலம் முதலில் வரும், கேள்விச் சொல் பெரும்பாலும் கடைசியில். தமிழில் நினைத்தாலே பாதி தூரம் வந்துவிடும் இடத்தில், தமிழை ஆங்கிலமாக்கி ஆங்கிலத்தைச் சைகையாக்கித் திண்டாடுகிறார்கள். எல்லா வாக்கியத்துக்கும் தமிழ் வரிசை ஒத்துவரும் என்று சொல்லவில்லை. ஆட்களையும் பொருட்களையும் காற்றில் ஓர் இடத்தில் வைத்துவிட்டு, வினையை அந்த இடத்தை நோக்கி நகர்த்துகிற விதம் எந்தப் பேச்சுமொழியிலும் இல்லாதது. அதைத் தனியாகத்தான் பழக வேண்டும்.

முகம்தான் நமக்குப் பெரிய பாடு. ஆமா இல்லையா என்று பதில் வரும் கேள்விக்குப் புருவம் மேலே போகும்; என்ன, எங்கே, யார் என்றால் புருவம் சுருங்கும். இது இலக்கணம், நடிப்பு இல்லை. கூச்சப்பட்டு முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டால் நீங்கள் கேட்டது கேள்வி என்றே எதிரில் இருப்பவருக்குத் தெரியாது. இதோடு நம் தலையாட்டல் வேறு! சரி என்பதற்குப் பக்கவாட்டில் ஆட்டுவோமே, அது அங்கே குழப்பம்தான். தலையை இடவலமாக அசைத்தால் சொன்னதை மறுப்பதாக அர்த்தம். ஆசிரியர் புரிந்ததா என்று கேட்க, பாலக்காட்டுப் பையன் பணிவாகத் தலையாட்ட, அவர் பாவம், முதலிலிருந்து மறுபடி நடத்துவார்.

மரியாதைக்காகக் கண்ணைத் தாழ்த்துவதும் இதே ரகம்தான். பெரியவர் பேசும்போது தரையைப் பார்ப்பது நம் வளர்ப்பு. சைகையில் பேசுகிறவரிடம் கண்ணை எடுத்தால் காதைப் பொத்திக்கொண்ட மாதிரி. கண்ணை வைக்க வேண்டிய இடம் முகம். கைகள் ஓரப்பார்வையில் தானாகவே தெரியும், விரலைத் துரத்திக்கொண்டே இருந்தால் புருவம் சொல்வது தப்பிப்போகும். இருவர் சைகையில் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவே போக வேண்டியிருந்தால், நம் வழக்கப்படி குனிந்து, நின்று, கும்பிட்டு மன்னிப்புக் கேட்காதீர்கள். அதுதான் பேச்சை மறைக்கும். பேசாமல் சட்டென்று கடந்து போய்விடுங்கள். கூப்பிட வேண்டுமென்றால் கையசைக்கலாம், தோளில் மெதுவாகத் தட்டலாம், அறையில் லைட்டை அணைத்துப் போடலாம்.

உங்களுக்கு நீங்களே சைகைப் பேர் வைத்துக்கொள்ள வேண்டாம். அது அந்தச் சமூகத்தார் உங்களைப் பார்த்துப் பழகிக் கொடுப்பது. அதுவரை பேரை எழுத்துக்கூட்டிக் காட்டுங்கள்.

வகுப்பில் படித்ததற்கு மாறாக வெளியே ஒருவர் காட்டினால் திருத்தவும் போகாதீர்கள். பிரிட்டனுக்குள்ளேயே எண்களும் நிறங்களும் ஊருக்கு ஊர் மாறும், மான்செஸ்டர் பெரியவர்களின் எண்கள் தனி ரகம். காது கேளாத ஆசிரியர் நடத்தும் வகுப்பாகப் பார்த்துச் சேருங்கள், மாலையில் அவர்கள் கூடும் கிளப்புக்கும் போங்கள். வாரத்துக்கு 20 மணி நேரம் பார்ட் டைம் வேலை பார்த்துக்கொண்டு இதற்கு எங்கே நேரம் என்று கேட்பீர்கள், தெரியும். வாரத்தில் ஒரு மாலை போதும்.

லெவல் 1 என்ற தொடக்க நிலைத் தேர்வு பாஸானதும் ஆஸ்பத்திரியிலோ போலீஸ் ஸ்டேஷனிலோ மொழிபெயர்க்க முன்வருவது மட்டும் கூடவே கூடாது. அங்கே பதிவுபெற்ற மொழிபெயர்ப்பாளர் ஆகவே பல வருடம் பிடிக்கும். மருந்தின் அளவைத் தப்பாகச் சொல்லிவிட்டால் யார் பொறுப்பு?

லீவுக்கு ஊருக்கு வரும்போது இன்னொன்று நடக்கிறது. பக்கத்து வீட்டில் காது கேளாத பையன் இருப்பான், அவனுக்கு லண்டன் சைகை சொல்லிக்கொடுக்க உட்கார்ந்துவிடுவார்கள். அவனுக்கு வேண்டியது இந்திய சைகை மொழி. டெல்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையத்தின் அகராதி 2021-லேயே 10,000 சொற்களைத் தொட்டுவிட்டது, இணையத்தில் வீடியோவாகப் பார்க்கலாம். திருவனந்தபுரம் ஆக்குளத்தில் உள்ள நிஷ் என்ற பேச்சு, செவித்திறன் நிறுவனத்தில் காது கேளாத மாணவர்களுக்குப் பட்டப்படிப்பே இருக்கிறது. அவன் பிளஸ் டூ முடிக்கப் போகிறான் என்றால், இந்த விவரத்தை அவன் வீட்டில் போய்ச் சொல்லுங்கள். பல வீடுகளில் இது இன்னும் தெரியாது.