தண்ணீர் குடித்த கார்: டெக்சாஸில் முதல் கார் வாங்கப் போகிறவர்களுக்கு

டாலஸ் பக்கம் வந்து இறங்கிய இரண்டே வாரத்தில், கார் இல்லாமல் பால் வாங்கக்கூட வழியில்லை என்பது உங்களுக்குப் புரிந்துவிடும். உடன் வேலை செய்பவரின் வண்டியில் அலுவலகம் போவது முதல் வாரம் இயல்பாக இருக்கும். மூன்றாவது வாரம் அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கும். வங்கியில் கேட்டால், இந்த நாட்டில் உங்களுக்குக் கடன் வரலாறு இல்லை என்பார்கள். கையில் இருப்பது ஊரிலிருந்து மாற்றிக் கொண்டுவந்த பணமும் முதல் சம்பளமும்தான். இந்த அவசரத்தில்தான் 2018 மார்ச்சில் நான் 7,800 டாலரைப் பறிகொடுத்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அரசாங்க வேலைகளை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். அவை கடினமானவை அல்ல. ஊரில் ஆர்.சி. புத்தகம் போல இங்கே டைட்டில் என்ற உரிமைப் பத்திரம். விற்பவர் அதன் பின்பக்கம் கையெழுத்திட்டுத் தருவார். அதோடு 130-யூ என்ற படிவத்தில் இருவரும் கையெழுத்திட்டு, 30 நாளுக்குள் உங்கள் கவுண்டியின் (ஊரில் மாவட்டம் போல) வரி அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். வரி 6.25 விழுக்காடு. தனியாரிடம் வாங்கும்போது, நீங்கள் கொடுத்த விலை, அந்த வண்டிக்கு அரசு வைத்திருக்கும் மதிப்பில் 80 விழுக்காடு, இரண்டில் எது அதிகமோ அதற்கு வரி. காப்பீடு இல்லாமல் வண்டியைச் சாலையில் இறக்கக் கூடாது. புதிய டைட்டில் சில வாரங்களில் தபாலில் வரும். அவ்வளவுதான்.

இனி, நான் மாட்டிக்கொண்ட இடத்துக்கு வருகிறேன்.

ஊரில் பழைய கார் வாங்கும்போது எத்தனை கை மாறியது, கடன் பாக்கி இருக்கிறதா, காப்பீடு நடப்பில் இருக்கிறதா என்று பார்ப்போம். தெரிந்த மெக்கானிக் ஒருவர் பானெட்டைத் திறந்து சத்தத்தைக் கேட்டுத் தலையாட்டினால் வாங்கிவிடுவோம். அந்தப் பழக்கத்தோடு இங்கே வந்தால் ஒரு சொல் நம் கண்ணில் படாமலே போய்விடும்: சால்வேஜ். விபத்திலோ வெள்ளத்திலோ ஒரு வண்டி அடிபட்டு, அதைச் சரிசெய்யும் செலவு அதன் மதிப்பைத் தாண்டிவிட்டால், காப்பீட்டு நிறுவனம் முழு இழப்பு என்று கணக்கிட்டு உரிமையாளருக்குப் பணம் கொடுத்துவிடும். வண்டி ஏலத்துக்குப் போகும். அப்போது அதன் டைட்டிலில் சால்வேஜ் என்ற முத்திரை விழும். அந்த நிலையில் அதைச் சாலையில் ஓட்ட முடியாது. யாராவது ஏலத்தில் எடுத்துச் சரிசெய்து, அதற்கான ஆவணங்களைக் கொடுத்தால், ரீபில்ட் என்ற முத்திரையோடு மறுபடியும் சாலைக்கு வரும். அந்த முத்திரை ஆயுளுக்கும் அழியாது. அழியக் கூடாது என்பதுதான் சட்டம்.

ஆனால் அழிக்கிறார்கள். ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக டைட்டில் கொடுக்கிறது. முத்திரைகளின் பெயர்களும் விதிகளும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஒரு மாநிலத்தில் முத்திரை விழுந்த வண்டியை இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோய், பழைய குறிப்பை மறைத்துப் புதிய டைட்டில் வாங்குவதை இங்கே டைட்டில் வாஷிங் என்கிறார்கள். பத்திரத்தையே சலவைக்குப் போடுகிறார்கள்.

எனக்கு விற்றவர் தனி மனிதர். அர்விங்கில் ஓர் அடுக்ககத்தின் வண்டி நிறுத்துமிடத்துக்கு வரச் சொன்னார். 2012-ஆம் ஆண்டு ஹோண்டா அக்கார்ட், சாம்பல் நிறம். உள்ளே இருக்கைகள் பளிச்சென்று இருந்தன. எலுமிச்சை வாசனை தூக்கலாக அடித்தது. டைட்டிலைக் காட்டினார். எந்த முத்திரையும் இல்லை. பக்கத்து மாநிலம் ஒன்றின் டைட்டில், கொடுக்கப்பட்டு ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. தங்கை அங்கே இருப்பதாகச் சொன்னார், நம்பினேன். வண்டியின் வரலாற்று அறிக்கை ஒன்றை அவரே அச்சிட்டுக் கொண்டுவந்திருந்தார். அதிலும் விபத்து இல்லை, சேதம் இல்லை. நான் கேட்காமலே அவர் அதைக் கொடுத்ததை நேர்மை என்று எடுத்துக்கொண்டேன். அதன் மேல் மூலையில் சிறிய எழுத்தில் இருந்த தேதியை நான் பார்க்கவில்லை. 2017 ஜூன்.

2017 ஆகஸ்ட் 25 இரவு ஹார்வி புயல் டெக்சாஸ் கடற்கரையில் கரையேறியது. அடுத்த நான்கு நாள் ஹூஸ்டன் நகரம் மழையில் மூழ்கிக் கிடந்தது. அந்த அறிக்கை, புயலுக்கு இரண்டு மாதம் முன்பு எடுத்தது. அச்சிட்ட நாளில் அதில் இருந்த ஒவ்வொரு வரியும் உண்மை.

கவுண்டி அலுவலகம் 8,400 டாலருக்கு வரி கணக்கிட்டது. நல்ல வண்டிக்கு உரிய வரி. 525 டாலர் கட்டும்போதுகூட, மலிவாக வாங்கிவிட்டேன் என்ற நிறைவோடுதான் கட்டினேன். ஐந்து வாரம் கழித்துத் தபாலில் வந்த டைட்டிலில், இது சால்வேஜ் ஆகி ரீபில்ட் செய்யப்பட்ட வண்டி, வெள்ளத்தில் சேதமடைந்தது என்ற குறிப்பு அச்சாகியிருந்தது. இந்த வண்டியின் அடையாள எண்ணை டெக்சாஸ் மறக்கவில்லை; 2017 நவம்பரிலேயே அது இங்கே முத்திரை விழுந்த வண்டி. விற்றவரின் தொலைபேசி அதற்குள் அணைந்துவிட்டது. காவல் நிலையத்தில் புகாரைப் பதிவுசெய்துகொண்டு, பணத்துக்கு நீதிமன்றம் போங்கள் என்றார்கள். யார் மீது போவது? டைட்டிலில் விற்பவராக இருந்த பெயர் வேறு ஒருவருடையது. காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்ததும், மூன்றாம் தரப்புப் பொறுப்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிட்டது. கோடையில் பவர் விண்டோ நின்றது. பிறகு ஏர்பேக் விளக்கு எரிந்தது. மெக்கானிக் முன் இருக்கையின் அடியில் இருந்த மஞ்சள் நிற இணைப்பைக் கழற்றிக் காட்டினார். பச்சை படிந்து அரித்துப்போயிருந்தது. அந்த ஏர்பேக் விரியும் என்று நம்பி, ஐந்து மாதம் என் மனைவியையும் மூன்று வயது மகளையும் அதில் உட்காரவைத்து நெடுஞ்சாலையில் போயிருக்கிறேன். பணம் போனதைவிட அதுதான் இன்றும் என்னைத் தூங்கவிடாத விஷயம்.

இதில் எனக்கு மன்னிப்பே இல்லாத ஒன்று உண்டு. என் வீடு முடிச்சூர். 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு எங்கள் தெருவில் ஓடியது. அப்பாவின் வேகன் ஆர் இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. வெள்ளம் வடிந்தபின் தாம்பரத்து மெக்கானிக் வந்தார். இன்ஜினைத் தொடவே இல்லை. சீட் பெல்ட் என்ற இருக்கைப் பட்டையைப் பிடித்துக் கடைசிவரை இழுத்தார். வெளியே தெரியும் பகுதி சுத்தமாக இருந்தது. உள்ளே சுருண்டிருந்த கடைசி ஓர் அடியில் செம்பழுப்பு நிறத்தில் ஒரு கோடு. "தண்ணீர் குடித்த வண்டி, சார். இன்றைக்கு ஓடும், ஒரு வருஷம் கழித்து நடுரோட்டில் நிற்கும். வைத்துக்கொள்ளாதீர்கள்" என்றார். அருகில் நின்று கேட்டவன் நான். இரண்டரை வருடம்கூட ஆகவில்லை, அர்விங்கில் அந்தப் பட்டையை இழுத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அமெரிக்காவில் அப்படியெல்லாம் நடக்காது என்று நினைத்துவிட்டேன்.

ஆகவே, நீங்கள் செய்ய வேண்டியது இது. வண்டியைப் பார்க்கப் போகும் முன்பே விற்பவரிடம் வின் எண்ணைக் கேளுங்கள். அதுதான் வண்டியின் அடையாள எண்; எழுத்தும் இலக்கமும் கலந்து மொத்தம் 17 இருக்கும். தரத் தயங்கினால் போகவே போகாதீர்கள். தேசியக் காப்பீட்டுக் குற்றத் தடுப்பு அமைப்பான என்.ஐ.சி.பி.யின் தளத்தில் அதை இலவசமாகச் சரிபார்க்கலாம். அடுத்து, என்.எம்.வி.டி.ஐ.எஸ். என்ற நாடு தழுவிய டைட்டில் பதிவேடு. 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவானது. காப்பீட்டு நிறுவனங்களும் வண்டி உடைக்கும் கிடங்குகளும் மாதந்தோறும் அதற்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். சில டாலர் செலவில் அறிக்கை கிடைக்கும். அந்தச் சில டாலரை நான் மிச்சப்படுத்தினேன். கார்ஃபேக்ஸ் என்ற தனியார் நிறுவனத்தின் வண்டி வரலாற்று அறிக்கையும் எடுங்கள், ஆனால் எதையும் நீங்களே, அன்றைக்கே எடுங்கள். விற்பவர் நீட்டும் தாளை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வின் எண்ணை அப்படியே இணையத்தில் தேடினால், சில வண்டிகளுக்கு ஏலத்தில் நொறுங்கிக் கிடந்தபோது எடுத்த படங்களே கிடைக்கும்.

இவ்வளவும் சுத்தமாக வந்தாலும் வண்டி சுத்தம் என்று அர்த்தமில்லை. சால்வேஜ் முத்திரை பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுக்கும்போதுதான் விழுகிறது. மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டும் வைத்திருந்தவரின் வண்டி வெள்ளத்தில் மூழ்கினால் அவருக்குப் பணம் வராது; கோரிக்கை இல்லை, பதிவு இல்லை, முத்திரையும் இல்லை. அவர் வெயிலில் காயவைத்து விற்றுவிடுவார். அதனால் கண்ணையும் மூக்கையும் நம்புங்கள். எல்லா இருக்கைப் பட்டைகளையும் கடைசிவரை இழுங்கள். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி, அந்தக் குழியில் வண்டல் இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கையைத் தரையோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளில் துரு இருக்கிறதா, தரை விரிப்பு மட்டும் புத்தம் புதிதாக இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் பத்து நிமிடம் உள்ளே உட்காருங்கள். வாசனைத் திரவியம் அதிகம் அடித்தால் எதை மூடுகிறது என்று யோசியுங்கள்.

டாலஸ்காரர்களுக்கு இன்னொன்று. நான் வாங்கிய காலத்தில் ஆண்டுதோறும் பாதுகாப்புச் சோதனை இருந்தது. பிரேக், விளக்கு, டயர் பார்ப்பார்கள். என் வண்டி அதில் தேறியது. 2025 ஜனவரி முதல் சொந்த உபயோக வண்டிகளுக்கு அதுவும் இல்லை. இந்தப் பக்கத்துக் கவுண்டிகளில் புகைச் சோதனை மட்டும்தான். ஆகவே நீங்கள் பணம் கொடுத்து அழைத்துப்போகும் மெக்கானிக்கைத் தவிர, வண்டியின் அடியில் குனிந்து பார்க்க யாரும் இல்லை. விற்பவருக்குத் தொடர்பில்லாத மெக்கானிக்காக இருக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்திடமும் பணம் கொடுக்கும் முன்பே வின் எண்ணைச் சொல்லி, முழுக் காப்பீடு தருவார்களா என்று கேளுங்கள். தனியாரிடம் வாங்கினால் வரி அலுவலகத்துக்கு அவரையும் அழைத்துப் போய், அங்கே கையெழுத்து வாங்கிப் பணத்தைக் கொடுங்கள். வரமாட்டேன் என்றால் அவருக்கு ஒரு காரணம் இருக்கிறது. மூன்று நாளில் திருப்பிக் கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கார் வாங்கினால் அப்படி ஓர் உரிமையைக் கூட்டரசுச் சட்டம் தரவில்லை.

தெரிந்தே ரீபில்ட் வண்டி வாங்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பின்பக்கம் இடிபட்டு, பழுதுபார்க்கும் முன் எடுத்த படங்களும் ரசீதுகளும் இருந்து, விலையும் நன்றாகக் குறைந்து, ஓடி ஓய்கிறவரை நீங்களே வைத்துக்கொள்வீர்கள் என்றால் யோசிக்கலாம். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

என் அக்கார்டை விற்க முடிவு செய்தபோது, நண்பர் ஒருவர் யோசனை சொன்னார்: அடுத்த மாதம் சென்னையிலிருந்து நான்கு பேர் வருகிறார்கள், யாராவது ஒருவர் 5,000 கொடுப்பார். முத்திரையைச் சொல்லித்தான் விற்கப் போகிறாய், தவறில்லையே என்றார். வந்து இரண்டு வாரம் ஆனவனுக்கு அந்தச் சொல் எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரியும். இன்னொருவர் தலையில் கட்ட மனம் வரவில்லை. உதிரிபாகக் கிடங்கு ஒன்றுக்கு 1,100 டாலருக்குக் கொடுத்தேன். வண்டியை எடுக்க வந்த முதியவர் டைட்டிலைக் கேட்கவில்லை, இன்ஜினை ஓட்டிக் காட்டவும் சொல்லவில்லை. கதவைத் திறந்து, ஓட்டுநர் இருக்கையின் பட்டையைப் பிடித்து மெதுவாகக் கடைசிவரை இழுத்தார்.