ரெக்கார்டு பிளேயரில் 'ம்ம்ம்' இரைச்சலா? எர்த் வயரைப் பாருங்கள்

சத்துவாச்சாரி வீட்டுப் பரணிலிருந்து அப்பாவின் ரெக்கார்டு பிளேயரை இறக்கி ஓடவிட்டேன். பாட்டுக்கு அடியில் விடாமல் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். அதைப் போக்க மூன்று வாரம் ஆனது.

முதலில், இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஊசியைத் தூக்கி வைத்தபடியே, மோட்டாரை ஓடவிடாமல், ஆம்பில் (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையரில்) ரெக்கார்டு பிளேயருக்கான 'ஃபோனோ'வுக்கு மாற்றி வால்யூமைக் கொஞ்சம் ஏற்றுங்கள். அப்போதும் கேட்டால் அது மின்சார இரைச்சல். ஊசி தட்டில் பட்டால்தான் படபடவென்று கேட்கிறது என்றால் தூசி, அல்லது தேய்ந்த ஊசி. மென்மையான பிரஷ்ஷால் ஊசியைப் பின்னாலிருந்து முன்னால் மட்டும் துடையுங்கள். பழைய 78 வேகத் தட்டுகளை ஆல்கஹாலால் துடைக்கவே கூடாது. அவை அரக்குத் தட்டுகள், கரைந்துவிடும்.

மின்சார இரைச்சல்தான் என்றால் டோன் ஆர்மின் (ஊசியைத் தாங்கும் கை) உலோகப் பகுதியை விரலால் தொடுங்கள். சத்தம் கூடினாலோ குறைந்தாலோ எர்த்தில்தான் கோளாறு. காந்த வகை கார்ட்ரிட்ஜிலிருந்து (ஆர்மின் நுனியில் ஊசி பொருந்தியிருக்கும் சிறு பகுதி) வருவது சுமார் 5 மில்லிவோல்ட். ஃபோனோ பகுதி அதை ஏறக்குறைய 100 மடங்கு பெருக்குகிறது, தாழ்ந்த ஒலிகளை இன்னும் அதிகமாக. வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதில் கலந்தால் கேட்காமல் இருக்குமா?

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். பிளேயரிலிருந்து வரும் மெல்லிய எர்த் வயர், ஆம்பின் பின்னால் 'ஜிஎன்டி' (GND) என்ற எர்த் திருகில் இறுக்கமாகவே இருந்தது. அதனால் அதை விட்டுவிட்டு கேபிள், ஊசி என்று மாற்றிக்கொண்டே போனேன். கடைசியில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு (சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது) பிளேயரைக் கவிழ்த்து அடித்தட்டைக் கழற்றினேன். எர்த் வயரின் மறுமுனையை ட்வீசரால் லேசாக அசைத்தேன். மங்கிய சாம்பல் நிற ஈயத்துக்குள் வயர் தனியாகச் சுழன்றது. டிரை சோல்டர், அதாவது ஈயம் சரியாகப் பிடிக்காத இணைப்பு! பழைய ஈயத்தை எடுத்து, 25 வாட் சோல்டரிங் அயர்னால் புதிதாக வைத்ததும் அமைதி.

தங்க முலாம் கேபிள்களில் காசைப் போடாதீர்கள். 'பீப்' ஒலி தரும் சாதாரண மல்டிமீட்டர் போதும். கார்ட்ரிட்ஜைக் கழற்றிவிட்டு, டோன் ஆர்முக்கும் எர்த் வயர் முனைக்கும் இடையே வையுங்கள். பீப் வந்தால் இணைப்பு நன்றாக இருக்கிறது.

இன்னொன்று. நம் வேலூர் வெயிலில் வீட்டின் எர்த் குழி காய்ந்து போகும். சித்திரை, வைகாசியில் அதில் தண்ணீர் ஊற்றுங்கள். ஆம்பைத் தொட்டால் சுர்ரென்றால் வேறெதையும் தொடாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இரைச்சல் போகிறது என்று பிளக்கின் மூன்றாவது பின்னை (எர்த் பின்) மட்டும் வெட்டிவிடாதீர்கள், உயிருக்கு ஆபத்து.

பின்சேர்க்கை: குடியாத்தத்திலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். எர்த் சரிதானாம், ஆனால் ஆர்ம் தட்டின் நடுவுக்குப் போகப்போக இரைச்சல் ஏறுகிறதாம். ஏதோ ஒரு டிரான்ஸ்ஃபார்மரோ மோட்டாரோ கார்ட்ரிட்ஜுக்குப் பக்கத்தில் இருந்தால் அப்படித்தான் ஆகும். பிளேயரை ஒட்டியே வைத்திருந்த ஆம்பை இரண்டடி தள்ளி வைக்கச் சொன்னேன். அன்று இரவே நின்றுவிட்டது என்று எழுதினார்.