சமையற்கலை படிக்கக் காசு கட்டும் முன்: திருகோணமலைப் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாதாரண தரப் பெறுபேறு வந்த கிழமையில் என் வீட்டு வாசலில் யாராவது ஒரு தாய் மகனைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்பார். "இவனுக்குச் சமையலில் சரியான விருப்பம். கொழும்பில் ஒரு கற்கைநெறி இருக்கிறதாம், காசைக் கட்டலாமா?" என்று கேட்பார். கையில் வழவழப்பான துண்டுப்பிரசுரம் ஒன்று இருக்கும். அதில் உயரமான வெள்ளைத் தொப்பியோடு ஓர் இளைஞன் சிரித்துக்கொண்டிருப்பான். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் ஹோட்டல் குசினிகளில் பத்தொன்பது வருடம் நின்றவன் என்பதால் என்னைத் தேடி வருகிறார்கள். நான் அந்தப் பையனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: "தம்பி, ஒரு சீசனாவது குசினியில் நின்றிருக்கிறாயா?"

பெரும்பாலும் தலை குனிந்துகொள்ளும்.

குசினியைக் காணாமல் காசு கட்டுவதுதான் நான் பார்த்த தவறுகளிலேயே பெரியது. மற்றத் தவறுகளில் பாதி இதிலிருந்துதான் முளைக்கின்றன. வீட்டில் அம்மாவுக்கு உதவியாக நண்டுக் குழம்பு வைத்து, எல்லோரும் விரலைச் சூப்பிச் சாப்பிட்டதைப் பார்த்த மகிழ்ச்சி உண்மையானதுதான். ஆனால் ஹோட்டலில் முதல் மாதம் குழம்புப் பக்கமே விடமாட்டார்கள். காலையில் ஒரு மூட்டை பெரிய வெங்காயத்தை உங்கள் முன் வைப்பார்கள். அதை உரித்து முடிப்பதற்குள் இறால் வந்துவிடும். இரவு கடைசி ஆர்டர் போனபின் அடுப்புகளைத் துடைத்து, தரையைக் கழுவி, கொழுப்பு அடைத்த வாய்க்காலைச் சுத்தம் செய்துவிட்டுப் பதினொன்றரைக்குச் சைக்கிளை எடுக்க வேண்டும். மறுநாள் தீபாவளி என்றாலும் ஆறு மணிக்கு வர வேண்டும். இதற்குப் பிறகும் காலையில் எழும்போது குசினிக்குப் போக வேண்டும் என்று மனம் துடிக்கிறதா என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது, நின்றுதான் பார்க்க வேண்டும்.

இதைப் பார்ப்பதற்கு எங்கள் ஊரைப்போல வசதியான இடம் குறைவு. சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை கடல் அமைதியாக இருக்கும். புறாத்தீவுக்குப் படகுகள் ஓடும், அறைகள் நிரம்பும், ஹோட்டல்கள் ஆள் தேடும். ஐப்பசியில் மழை இறங்கிவிட்டால் அதே குசினியில் மூன்று பேருக்குத்தான் வேலை இருக்கும். ஆகவே ஒரு சீசன் உதவியாளனாக நின்றுவிட்டு, மழை தொடங்கும்போது படிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கலாம். ஆறு மாதம் வீணாகிவிடுமே என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். வீணாகாது. சம்பளமும் வரும், கையும் பழகும். பிடிக்கவில்லை என்று தெரிந்தாலும் அது பெரிய இலாபம்தான்.

இதைச் சொன்னால் சிலர் மறுபக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். "அப்படியென்றால் படிப்பே தேவையில்லையா? வேலையிலேயே எல்லாம் பழகிவிடலாமே" என்கிறார்கள். இதுவும் தவறு. குசினி கையைப் பழக்குமே தவிர, காரணத்தைச் சொல்லித்தராது. சொல்லித்தர யாருக்கும் நேரமில்லை.

நான் பட்ட ஒன்றைச் சொல்கிறேன். ஒரு சிறிய ஹோட்டலில் முதன்முதலாக மெனு விலை போடும் பொறுப்பை என்னிடம் தந்தார்கள். இன்றைய கணக்கில் சொன்னால், நாலு கிலோ பாரை, கிலோ 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீன்காரருக்கு 6,000 ரூபாய். ஒரு தட்டுக்கு 180 கிராம் மீன். நான் 180 கிராமைக் கிலோ விலையோடு பெருக்கி, தட்டுக்கு மீன் 270 ரூபாய் என்று எழுதினேன். பொருட்செலவு விற்பனை விலையில் முப்பது வீதத்தைச் சுற்றி நிற்க வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்தபடியால் 900 ரூபாய் என்று விலை வைத்தேன். ஆனால் தலை, நடுமுள், தோல், குடல் எல்லாம் கழிந்து அந்த நாலு கிலோவில் தேறும் சதை 1 கிலோ 800 கிராம் அளவுதான். பத்துத் தட்டு. அப்படியென்றால் ஒரு தட்டின் மீன் 600 ரூபாய். 2,000 ரூபாய்க்குப் போக வேண்டிய தட்டை இரண்டு மாதம் 900 ரூபாய்க்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். தட்டு நன்றாக விற்றது. விற்கத்தானே செய்யும்! முதலாளி என்னைத் திட்டவில்லை. பேசாமல் கணக்குப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். நல்ல பாடசாலை இந்தக் கணக்கை ஆரம்பத்திலேயே சொல்லித்தந்துவிடும்.

மீனிலேயே இன்னொன்று. எங்கள் கடலில் சூரை தாராளம். சூரையை ஐஸ் இல்லாமல் வெயிலில் போட்டு வைத்தால் அதில் ஹிஸ்டமின் உருவாகும். பிறகு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. மணத்தை வைத்தும் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம். சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பு தடித்துவிடும். "நன்றாக வேகவைத்தால் ஒன்றும் செய்யாது" என்று நம்பி வளர்ந்த நமக்கு இது புதிது. சமைத்த உணவை 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட சூட்டில் நெடுநேரம் வைக்கக்கூடாது என்பதும் அப்படித்தான். அனுபவமுள்ள சமையற்காரர்கள் பலருக்கு இந்த எண்கள் தெரியாது. சமையல் நுட்பத்தைவிட இந்த இரண்டுக்காகத்தான், உணவுப் பாதுகாப்புக்கும் செலவுக் கணக்குக்கும்தான், படிக்கப் போகச் சொல்கிறேன்.

சரி, போவதென்று முடிவெடுத்தாயிற்று. இப்போது எங்கே போவது?

துண்டுப்பிரசுரத்தை நம்பி ஏமாந்த வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. என் தங்கையின் மகன் ஒரு தனியார் நிறுவனத்தில் சேர்ந்தபோது கடனுக்குப் பிணை நின்றவன் நான். பெரிய கட்டடம், குளிரூட்டிய வகுப்பறை, அழகான சீருடை. பெயரின் கீழே "பதிவு செய்யப்பட்டது" என்று எழுதியும் இருந்தது. படிப்பு முடிந்து பொன்னிற எழுத்தில் சான்றிதழும் தந்தார்கள். வேலைக்கு விண்ணப்பித்த இடத்தில் "இது தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழா?" என்று கேட்டபோதுதான் விழித்தோம். நிறுவனம் பதிவாகியிருந்தது, அவன் படித்த கற்கைநெறி அங்கீகாரம் பெற்றிருக்கவில்லை.

இது இரண்டும் ஒன்றென்று நினைப்பது மிகப் பரவலான தவறு. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவே நிறுவனங்களைப் பதிவு செய்கிறது, கற்கைநெறிகளுக்கு அங்கீகாரமும் கொடுக்கிறது. நிறுவனத்தின் பதிவைத் தனியாகவும், கற்கைநெறியின் அங்கீகாரத்தைத் தனியாகவும் பார்க்க வேண்டும். தேசிய தொழிற்தகைமையில் ஏழு மட்டங்கள் இருக்கின்றன. நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். "எந்த மட்டம்?" என்று கேளுங்கள். அலுவலகத்தில் இருப்பவர் பேச்சை மாற்றினால் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடலாம்.

அரச நிறுவனங்களைக் கேட்டுப் பார்க்காமலே தனியாரிடம் ஓடுவதும் எங்களிடம் இருக்கும் பழக்கம். முன்னர் சிலோன் ஹோட்டல் ஸ்கூல் என்று அறியப்பட்ட இலங்கை சுற்றுலா மற்றும் ஹோட்டல் முகாமைத்துவ நிறுவகம் கொழும்பில் இருக்கிறது; வெளி மாகாணங்களிலும் அதன் கிளைகள் உண்டு. தொழிற்பயிற்சி அதிகார சபை இருக்கிறது. வேலைத்தலத்திலேயே தொழிற்பயிலுநராகப் பயிற்சி பெற, நைட்டா என்று சொல்லப்படும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை இருக்கிறது. முதலில் இந்த மூன்று இடங்களிலும் விசாரியுங்கள்.

ஏற்கெனவே ஏழெட்டு வருடம் குசினியில் நின்றவர்கள் ஆரம்பக் கற்கைநெறிக்குக் காசு கட்டுவதைப் பார்த்தால் எனக்கு மனம் பதறும். அவர்களுக்கு முன்கற்றலை அங்கீகரிக்கும் வழி ஒன்று இருக்கிறது. வேலை செய்த சான்றுகளைச் சமர்ப்பித்து, மதிப்பீட்டாளர் முன் செய்து காட்டினால், வகுப்புக்குப் போகாமலே தேசிய தொழிற்தகைமை பெறலாம். உங்கள் கை அறிந்ததற்கு நீங்களே கட்டணம் கட்டாதீர்கள்.

கடன் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஹோட்டல் வருமானத்தில் அடிப்படைச் சம்பளம் ஒரு பகுதிதான். வாடிக்கையாளரிடம் வாங்கும் பத்து வீத சேவைக் கட்டணத்தில் கிடைக்கும் பங்குதான் கையை நிறைக்கும். ஆடி மாதத்தில் அது நன்றாக வரும், மார்கழியில் சுருங்கிவிடும். ஆடி மாதச் சம்பளச் சீட்டைக் காட்டி "இவ்வளவு கிடைக்கும்" என்று யாராவது சொன்னால், அதே ஆளின் மார்கழிச் சீட்டையும் கேளுங்கள். தவணைப் பணம் பருவம் பார்க்காது. மருமகன் வேலைக்குச் சேர்ந்த சில மாதங்களில் 2019 ஏப்ரல் 21 வந்தது. குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நிலாவெளி முழுவதும் கதிரைகளை அடுக்கி வைத்துவிட்டார்கள். அடுத்த வருடம் கொரோனா. 2022இல் எரிவாயுவுக்கே வரிசை. அத்தனை காலமும் கடன் கடனாகவே நின்றது. நானும் தங்கையும் மாறி மாறிக் கட்டினோம். ஆறு மாதம் வருமானமே இல்லாவிட்டாலும் கட்டக்கூடிய தொகைக்கு மேல் இந்தத் தொழிலுக்காகக் கடன் எடுக்க வேண்டாம்.

கற்கைநெறியின் இறுதியில் வரும் ஹோட்டல் பயிற்சிக் காலம் எந்த மாதங்களில் விழுகிறது என்பதையும் பலர் பார்ப்பதில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் நிற்கலாம் என்று கார்த்திகையில் திருகோணமலையைக் கேட்டு வாங்கினால், மழையைப் பார்த்துக்கொண்டு கரண்டி துடைக்க வேண்டியிருக்கும். அந்த மாதங்களில் கொழும்புக்கோ தெற்குக் கரைக்கோ போக வேண்டும். அங்கே மார்கழி முதல் பங்குனி வரைதான் நெருக்கடியான காலம். பிறகு சித்திரைக்கு ஊர் திரும்பினால் இங்கேயும் சீசன் தொடங்கியிருக்கும். போகும் இடத்தில் சிங்களம் தேவைப்படும். குசினியில் அவசரமாகச் சொல்வதை இரண்டு தரம் கேட்க முடியாது. ஆகவே சேரும் முன்பே பேசப் பழகிக்கொள்வது நல்லது.

கிண்ணியா, மூதூர்ப் பக்கமிருந்து வரும் முஸ்லிம் பிள்ளைகளும் மரக்கறி மட்டும் உண்ணும் வீட்டுப் பிள்ளைகளும் கூச்சத்தால் கேட்காமல் விடும் கேள்வி ஒன்று இருக்கிறது. பன்றியிறைச்சியும் வைனும் பாடத்தில் வரும். ருசி பார்க்கச் சொல்வார்கள். சேர்ந்த பிறகு ஆசிரியர் முன் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்று அழுத பிள்ளையை நான் கண்டிருக்கிறேன். அனுமதிக்குப் போகும் அன்றே "எனக்கு இது முடியாது, என்ன ஏற்பாடு?" என்று கேட்டுவிடுங்கள். பேக்கரி, இனிப்புப் பகுதியைத் தேர்ந்தெடுத்து மிகத் திறமையாக வந்தவர்கள் இருக்கிறார்கள். அங்கேயும் விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின், மதுச்சாரம் பற்றிக் கேட்டுவைக்க வேண்டும். பெண்பிள்ளைகள் என்றால் இரவு வேலை முடிந்தபின் ஹோட்டல் வாகனம் உண்டா, விடுதியில் இடம் உண்டா என்பதைப் பெற்றோர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

வெளிநாட்டுக் கனவோடு படிப்பவர்கள் பாடசாலை தரும் வேலைவாய்ப்பு வாக்குறுதியை நம்பிச் சேராதீர்கள். முகவர் யாராக இருந்தாலும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கடவுச்சீட்டைக் கொடுங்கள். சொகுசுக் கப்பலில் வேலை என்றால் சமையற் சான்றிதழ் மட்டும் போதாது. கடற்பாதுகாப்புக்கான அடிப்படைப் பயிற்சியும் தனியாக முடித்திருக்க வேண்டும்.

சீசனுக்கு வேலை கேட்கப் போகும் பிள்ளைகளுக்கு: பங்குனி நடுப்பகுதியில் போங்கள், ஆட்களை எடுப்பது அப்போதுதான். பகல் சாப்பாடு முடிந்து இரவு ஆயத்தம் தொடங்கும் முன், பின்னேரம் மூன்றிலிருந்து நாலு மணிக்குள் போனால்தான் தலைமைச் சமையற்காரருக்குப் பேச நேரம் இருக்கும். முன்வாசலால் போகாமல், பொருட்கள் இறக்கும் பின்வாசலில் போய்க் கேளுங்கள். நகத்தை வெட்டிக்கொண்டு, வழுக்காத மூடிய சப்பாத்துப் போட்டுக்கொண்டு போங்கள். அன்றே ஒரு கத்தியையும் பலகையையும் தந்து நிற்கச் சொன்னாலும் சொல்வார்கள்.