கரகரப்பு இல்லாமல் திருச்சி வானொலி கேட்க

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே எங்கள் பக்கம் திருச்சி மத்திய அலை, 936 கிலோஹெர்ட்ஸ், இரைச்சலோடுதான் வரும். 1960களில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகத்தை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்த நிலையம் அது. அதனால்தான் அந்த ரகத்துக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வந்தது. அந்த நிலையத்தை விட்டுவிட எனக்கு மனசில்லை.

முதலில் பெட்டியைத் திருப்புங்கள். உள்ளே பென்சில் மாதிரி ஒரு கருப்புக் கம்பி, செப்புக் கம்பி சுற்றியபடி பெட்டியின் நீளவாக்கில் படுத்திருக்கும்; மத்திய அலையைப் பிடிப்பது அதுதான். அதன் நுனி நிலையத்தைப் பார்த்தால் சத்தம் செத்துவிடும். பக்கவாட்டு பார்க்க வேண்டும். எங்களுக்குத் திருச்சி மேற்கே, ஆகவே பெட்டி தெற்கு வடக்காக நீளும். மேலே இழுக்கும் ஏரியல் எஃப்.எம்.முக்குத்தான், இதற்கு உதவாது.

அப்புறம் இரைச்சல். கஜா புயலுக்குப் பின் கரண்ட் இல்லாத நாட்களில் ரேடியோ தெளிவாகப் பேசியது. அன்றுதான் புரிந்தது, குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது என்று. எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். பேட்டரியில் போட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்தாலே பாதி சரியாகிவிடும்.

இன்னும் போதாதா? பத்து மீட்டர் உறையிட்ட ஒயரைத் தென்னைக்குக் கட்டி, மறுமுனையைப் பெட்டியின் மேல் நான்கைந்து சுற்று சுற்றுங்கள். மின்கம்பி பக்கம் கட்டவே கூடாது. ஐப்பசியில் வானம் இருட்டினால், இடி கேட்கும் முன்பே முதல் வேலையாக அதைக் கழற்றிவிடுங்கள்.