நீலத் தொட்டியில் எதைப் போடலாம், எப்படிப் போடலாம்: வீட்டுக்கும் கடைக்கும்

சிங்கப்பூரில் காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகம் நான்கையும் வீட்டில் தனித்தனியாகப் பிரிக்க வேண்டியதில்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழே நிற்கும் ஒரே நீலத் தொட்டியில் நான்கும் சேர்ந்தே போகலாம். பிரிக்கும் வேலையைத் தரம்பிரிக்கும் நிலையத்தில் இயந்திரங்களும் ஆட்களுமாகச் செய்துகொள்கிறார்கள். இதைக் கேட்ட பலர், அப்படியானால் எதை வேண்டுமானாலும் போடலாம் என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள். தொட்டிக்குள் விழுவதில் ஏறக்குறைய 40 விழுக்காடு மறுசுழற்சிக்கு உதவாமல் போகிறது என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது.

எல்லாம் ஒன்றாகப் போகும் முறையில் ஒரு வீட்டின் கவனக்குறைவு அடுத்த பத்து வீட்டின் பொருளைக் கெடுத்துவிடும். பாதி குழம்போடு மூடிப் போட்ட தாப்பாவ் (கடையிலிருந்து கட்டிவந்த சாப்பாட்டு) டப்பா ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். லாரிக்குள் அழுத்தும்போது அது வெடிக்கும். குழம்பு வழிந்து, கீழே இருக்கிற அட்டையும் செய்தித்தாளும் ஊறிவிடும். பழைய காகிதத்தைத் தண்ணீரில் கரைத்து, நாரைப் பிரித்தெடுத்துத்தான் புதுக் காகிதம் செய்கிறார்கள். எண்ணெய் ஏறிய நாரிலிருந்து அந்த எண்ணெய் தண்ணீரில் பிரியாது. புதுக் காகிதத்தில் கறையாகவும் ஓட்டையாகவும் நிற்கும். அந்தக் கட்டு முழுவதும் எரிக்கும் ஆலைக்குப் போய், சாம்பல் செமாக்காவ் தீவுக்குப் போகும். 1999இல் திறந்த அந்தக் குப்பை நிரப்பிடம்தான் நமக்கு இருக்கும் ஒரே இடம். 2035 வாக்கில் அதுவும் நிறைந்துவிடும் என்பது கணக்கு.

ஆகவே நினைவில் வைக்க வேண்டியவை மூன்றுதான்: காலி செய்யுங்கள், அலசுங்கள், ஈரம் வடியவிடுங்கள்.

சமையலறையில்

நம் வீடுகளில் சிக்கல் பெரும்பாலும் எண்ணெயில்தான். நெய் டப்பாவையும் ஊறுகாய் ஜாடியையும் குழாயடியில் காட்டினால் மட்டும் போதாது. முதலில் உள்ளே ஒட்டியிருப்பதைக் கரண்டியால் வழித்தெடுங்கள். பிறகு கை துடைத்த டிஷ்யூவால் சுற்றித் துடையுங்கள். அந்த டிஷ்யூ சாதாரணக் குப்பைக்கு. கடைசியாக, பாத்திரம் தேய்த்து முடித்த சோப்புத் தண்ணீரைக் கால்வாசி ஊற்றி, மூடியைப் போட்டு நான்கு முறை குலுக்கிக் கொட்டுங்கள். புதுத் தண்ணீரை வீணாக்க வேண்டியதில்லை. பளபளவென்று இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. விரலை உள்ளே விட்டால் பிசுபிசுப்பு ஒட்டக் கூடாது, அவ்வளவுதான். கவிழ்த்து ஓர் இரவு வைத்தால் காய்ந்துவிடும்.

மைலோ டின்னை உலரத் தட்டினாலே போதும். பால், பழச்சாறு வரும் அட்டைப்பெட்டியும் நீலத் தொட்டிக்கு ஆகும். ஓரத்தை வெட்டி அலசித் தட்டையாக்கிப் போடுங்கள். அலசாமல் விட்டால் இரண்டே நாளில் நாற்றம், அப்புறம் எறும்பு, கரப்பான். வீட்டில் மறுசுழற்சியைக் கைவிடுகிறவர்களில் பலர் இந்த நாற்றத்துக்குப் பயந்துதான் கைவிடுகிறார்கள்.

தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் போட்டு விற்கும் சிவப்பு மூடி டப்பா நல்ல பிளாஸ்டிக். பலகாரத் தூளைக் கொட்டி, எண்ணெயைத் துடைத்து அலசிவிட்டால் தாராளமாகப் போடலாம். அதோடு வரும் ஜிகினா ஒட்டிய பரிசுத்தாளைப் போட முடியாது. வடை சுட்டு எண்ணெய் ஒற்றிய செய்தித்தாளும் ஆகாது. வாசித்துமுடித்த அதே நாளிதழ் எண்ணெய் படாமல் இருந்தால் அருமையான சரக்கு.

மசாலாத் தூள் உறைகளில்தான் ஆட்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ஓர் எளிய சோதனை உண்டு. உறையைப் பிரித்து உள்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளிபோல் மின்னினால் அது பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிய அடுக்கு. பிரிக்க முடியாது என்பதால் குப்பைக்கே போகட்டும். உருளைக்கிழங்கு வறுவல் பாக்கெட்டும் இதே இனம். பருப்பு, ரவை வரும் ஒற்றை அடுக்குப் பிளாஸ்டிக் பை சுத்தமாக இருந்தால் போடலாம். சமையலுக்குப் பயன்படுத்திய அலுமினியத் தாளும் அப்படியே: உணவு ஒட்டாமல் இருந்தால் உலோகத்தோடு சேரும்.

கண்ணாடியில் பாட்டிலும் ஜாடியும் மட்டுமே. சூட்டைத் தாங்கும் பைரெக்ஸ் பாத்திரம், படிகக் கண்ணாடி, முகம் பார்க்கும் கண்ணாடி எதுவும் சேராது. பாட்டில் கண்ணாடி உருகும் சூட்டில் பைரெக்ஸ் உருகாது. ஒரு துண்டு கலந்தாலும் புதுப் பாட்டிலில் கட்டியாக நின்று, அந்த இடத்தில் விரிசல் விடும். பீங்கான் கோப்பையும் அதே காரணத்துக்காக ஒதுக்கப்படுகிறது.

தொட்டியில் அடிக்கடி கிடக்கிற, ஆனால் போடவே கூடாத வேறு சில: ஸ்டைரோஃபோம் பெட்டி, பிளாஸ்டிக் கரண்டி, ஸ்ட்ரா, மெலமைன் தட்டு, குடித்த காகிதக் கோப்பை, மக்கும் பிளாஸ்டிக் என்று எழுதியிருக்கும் பை, துருப்பிடித்த டின், பழைய துணி, செருப்பு, பள்ளிப்பை, பொம்மை. துணியும் பையும் பயன்படும் நிலையில் இருந்தால் காராங்குனிக்காரரிடமோ (பழைய பொருள் வாங்கிப்போகிறவர்) நன்கொடைப் பெட்டியிலோ கொடுங்கள். நீலத் தொட்டியில் போட்டால் ஈரம் உறிஞ்சிக் கெட்டுப்போகும், யாருக்கும் பயனில்லை.

சேர்த்து வைக்க 2023இல் வீடுகளுக்கு இலவசமாகக் கொடுத்த, மடிக்கக்கூடிய புளூபாக்ஸ் பெட்டி இருந்தால் நல்லது. அது 5 கிலோ வரை தாங்கும். இல்லாவிட்டால் ஒரு பழைய அட்டைப்பெட்டியே போதும். கீழே கொண்டுபோனதும் பொருள்களை மட்டும் தொட்டிக்குள் கொட்டிவிட்டு, பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். முடிச்சுப் போட்ட பைக்குள் என்ன இருக்கிறது என்று தரம்பிரிப்பவருக்குத் தெரியாது. கறுப்புப் பையென்றால் குப்பை என்றே நினைத்து ஒதுக்கிவிடுவார்.

தொட்டி நிறைந்திருந்தால்

பக்கத்தில் தரையில் வைத்துவிட்டு வராதீர்கள். அது குப்பை போட்ட குற்றமாகவே கொள்ளப்படும். நீதிமன்றம் போனால் முதல் முறைக்கே 2,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. ஒரு மழை பெய்தால் அட்டையும் வீணாகும். அடுத்த புளோக்கின் தொட்டியைப் பாருங்கள், அல்லது ஒன்சர்வீஸ் செயலியில் படம் எடுத்துப் புகார் அனுப்புங்கள். தொட்டி நிறைந்துபோவதற்கு முக்கியக் காரணம் பிரிக்காமல் திணிக்கும் அட்டைப்பெட்டிகள். இணையத்தில் வாங்கிய பொருளின் பெட்டியில் டேப்பைக் கிழித்து, அடிப்பக்கத்தைத் திறந்து மடித்தால் பத்துப் பெட்டி ஒரு பெட்டியின் இடத்தில் அடங்கும்.

புதிய வீவக புளோக்குகளில் ஒவ்வொரு மாடியிலும் மறுசுழற்சிக்கென்றே இன்னொரு குழாய் இருக்கிறது. 2018 ஏப்ரல் முதல் நான்கு மாடிக்கு மேற்பட்ட புதிய கொண்டோக்களுக்கும் இது கட்டாயம். அந்தக் குழாயில் பெரிய அட்டையைத் தள்ளாதீர்கள். நடுவில் சிக்கிக்கொண்டால் மேலிருந்து வருவதெல்லாம் தேங்கும். பெரியதைக் கீழே கொண்டுபோய்த் தொட்டியில் போடுங்கள். தரைவீடுகளுக்குத் தனித் தொட்டி உண்டு. வாரம் ஒரு முறை எடுக்கிறார்கள். சோஃபா, மெத்தை, அலமாரி போன்றவற்றுக்கு வீவக வீட்டுக்காரர்கள் நகர மன்றத்தை அழைத்து நாள் குறித்துக்கொள்ள வேண்டும். மாதத்துக்கு எத்தனை பொருள் இலவசம் என்பது மன்றத்துக்கு மன்றம் மாறும்.

பேட்டரியும் மின்பொருளும்

இவை நீலத் தொட்டிக்குள் போவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. லித்தியம் பேட்டரி லாரிக்குள் நசுங்கினால் தீப்பிடிக்கும். சுற்றிலும் காய்ந்த காகிதம். பழைய கைப்பேசி, மடிக்கணினி, பேட்டரி, மின்விளக்கு ஆகியவற்றுக்குக் கடைத்தொகுதிகளிலும் சமூக மன்றங்களிலும் தனி மின்கழிவுத் தொட்டிகள் இருக்கின்றன. பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டிப் போடுங்கள். வீங்கிய பேட்டரியை அங்கும் போடாதீர்கள்.

குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம், தொலைக்காட்சி, குளிர்சாதனம் புதிதாக வாங்கும்போது, கொண்டுவந்து இறக்கும் கடையே பழையதை இலவசமாக எடுத்துப்போக வேண்டும். 2021 ஜூலை 1 முதல் இது சட்டம். வாங்கும்போதே கேட்டு ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். லாரி வந்தபிறகு கேட்டால் இடமில்லை என்பார்கள். மிக்ஸி, கிரைண்டர் போன்றவற்றை மின்கழிவுத் தொட்டியில் திணிக்கும் முன் அதன்மேல் ஒட்டியிருக்கும் படங்களைப் பாருங்கள். படத்தில் இல்லையென்றால் காராங்குனிக்காரரிடம் கொடுப்பதே வழி.

10 காசு பாட்டில்கள்

150 மில்லி முதல் 3 லிட்டர் வரையுள்ள பிளாஸ்டிக் பான பாட்டிலுக்கும் உலோக கேனுக்கும் 2026 ஏப்ரல் 1 தொடங்கி, வாங்கும்போது கட்டித் திருப்பித் தரும்போது பெறும் 10 காசு வைப்புத்தொகை உண்டு. வைப்புத்தொகைக் குறி அச்சிட்டவற்றை நீலத் தொட்டியில் போடாமல், திருப்பித் தரும் இயந்திரத்தில் போட்டுக் காசைப் பெறலாம். காலியாக இருக்க வேண்டும், நசுக்கக் கூடாது, பட்டைக்குறி கிழிந்தால் இயந்திரம் ஏற்காது. இடம் மிச்சமாகட்டும் என்று எல்லாப் பாட்டிலையும் நசுக்கிப் பழகிய கை இதில் மட்டும் நிற்க வேண்டும். கண்ணாடி பாட்டிலும் பால் அட்டைப்பெட்டியும் இந்தத் திட்டத்தில் இல்லை. 2026 செப்டம்பர் 30 வரை குறி இல்லாத பழைய சரக்கும் கடையில் இருக்கும். அவற்றுக்குக் காசு கிடையாது.

கடை, உணவகம் நடத்துபவர்களுக்கு

புளோக்கின் கீழுள்ள நீலத் தொட்டி குடியிருப்பாளர்களுக்கானது. ஒரு மளிகைக்கடையின் காலைச் சரக்கு அட்டை மட்டுமே அதை நிரப்பிவிடும். தேக்காவிலோ வேறெங்கோ கடை வைத்திருப்பவர், உரிமம் பெற்ற கழிவு சேகரிப்பு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்வதே முறை. உரிமத்தில் வகை உண்டு: மட்காத கழிவும் மறுசுழற்சிப் பொருளும் ஏ, உணவு போன்ற மட்கும் கழிவு பி, கொழுப்பும் சகதியும் சி. உங்கள் கடையில் அட்டையும் சாப்பாட்டு மிச்சமும் இரண்டும் வந்தால், நிறுவனத்திடம் இரண்டு வகை உரிமமும் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் நான்கு விஷயம் எழுத்தில் இருக்கட்டும்: வாரத்துக்கு எத்தனை முறை எடுப்பார்கள், தொட்டி எத்தனை லிட்டர், அழுக்கு கலந்தால் யார் பணம் கட்டுவது, அட்டைக்கு உங்களுக்குக் காசு உண்டா இல்லையா. அட்டையைப் பின்வாசலில் மழையில் வைக்காதீர்கள். நனைந்த அட்டைக்கு எடை கூடும், விலை கூடாது. சில வேளை எடுக்கவே மறுப்பார்கள். காய்கறிப் பெட்டியில் ஒட்டிய இலையையும் தக்காளிச் சாற்றையும் உதறிவிட்டுத்தான் மடிக்க வேண்டும்.

பெரிய எண்ணெய் டின்னைக் கவிழ்த்து வடியவிடப் பழைய வடிதட்டு ஒன்றை ஒதுக்குங்கள். வடிந்த எண்ணெயும் பொரித்து மிஞ்சிய எண்ணெயும் மூடியுள்ள ஒரே பீப்பாயில் சேரட்டும். பழைய எண்ணெய் வாங்குபவர் வந்து எடுத்துக்கொள்வார். கழிவுநீர்த் தொட்டியில் ஊற்றினால் கொழுப்பு உறைந்து குழாய் அடைக்கும், கழிவுநீரில் கொழுப்பைப் பிடித்துவைக்கும் கொழுப்புப்பொறி நிறையும், சுத்தம் செய்யும் செலவு உங்கள் தலையில்.

4,600 சதுர மீட்டருக்கு மேல் வாடகைப் பரப்புள்ள கடைத்தொகுதியும் 200 அறைக்கு மேலுள்ள ஹோட்டலும் 2014 முதல் தங்கள் கழிவுக் கணக்கைத் தேசியச் சுற்றுப்புற வாரியத்திடம் ஆண்டுதோறும் கொடுத்தாக வேண்டும். அத்தகைய இடத்தில் கடை எடுத்திருந்தால் கட்டட நிர்வாகம் உங்களிடம் எடைக் கணக்கைக் கேட்கும். குப்பை, அட்டை, உணவு மூன்றையும் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் தனித்தனியே எழுதிவையுங்கள். ஆண்டு இறுதியில் நினைவிலிருந்து எழுதினால் கணக்கு இடிக்கும். வருவாய் 1 கோடி வெள்ளியைத் தாண்டும் இறக்குமதியாளர்களுக்குச் சிப்பக் கணக்கும் (பொருளைப் பொதிந்துவரும் பெட்டி, உறை போன்றவற்றின் கணக்கு) தனியே உண்டு.